ஏழாம் எண்ணைத் தேடி அடுகோடிக்கு

பெங்களூரைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிரில்தான் தொடங்குவார்கள். நான் போனபோது குளிரும் இல்லை, மழையும் ஒழுங்காக இல்லை. ஓசூர் ரோட்டை நீளத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். எனக்கு வயது நாற்பத்து நான்கு, கழுத்தில் டாக்டர் மாட்டிவிட்ட பட்டை, கையில் மூன்று நாள் லீவு. ஒரு பையனைத் தேடிப் போனேன். அவன் என் மகன் இல்லை. ஆனால் வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். வேலையோடு வேலையாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து அது ஐந்தாம் வருடம். கல்லூரிக்குப் போகும் ஆண் பிள்ளைகள் தங்களை என்னவாக நினைத்துக்கொள்கிறார்கள், படிப்பு அவர்களை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. டிபார்ட்மென்டில் கேலி செய்யாத ஆள் கிடையாது. "பொண்ணுங்களப் பத்தி எழுத ஆயிரம் விஷயம் இருக்கு. இந்தக் கழுதைங்ககிட்ட என்னத்த மேடம் கண்டீங்க?" என்பார்கள். நான் கண்டது ஒன்றுதான். இருபது வருடமாக வகுப்பெடுக்கிறேன். ஒரு பையன்கூட என்னிடம் வந்து "பயமா இருக்கு" என்று சொன்னதில்லை. "டென்ஷன் மேடம்" என்பான். அதோடு முடிந்தது. அந்த டென்ஷனுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன், மாட்டிக்கொண்டேன்.

தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த பன்னிரண்டு பேரை உட்கார்த்திப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஏழாம் எண் தணிகைவேல். வந்தவாசிப் பக்கம். அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவர். பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். வீட்டில் இன்னும் ஹாஸ்டலில் இருப்பதாக நினைப்பு. ஒன்றரை வருடமாக இந்த நாடகம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து இத்தனையும் சொன்னவன், கடைசியில் சொன்னான்: "வீட்டுக்குத் தெரிஞ்சிதுன்னா அன்னிக்கே பாம்பே பக்கம் போயிடுவேன் மேடம். அப்புறம் யார் கண்ணுலயும் பட மாட்டேன்." சும்மா சொல்கிற முகமாக இல்லை.

பேசியதை அப்படியே எழுத்தில் இறக்கி, சொன்னவரிடமே காட்டி, "தவறு இருப்பின் திருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு அனுப்பவும்" என்று கேட்க வேண்டும் என்பது என் கைடு போட்ட சட்டம். பதினோரு பேருக்கு நேரில் கொடுத்தாயிற்று. தணிகைவேலுக்கு மட்டும் தபால் என்று ஆனது. விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து வந்து, கழுத்து வலியோடு, அவன் நிரப்பிய படிவத்தைப் பார்த்து விலாசம் எழுதினேன். இருபது வருடம் வகுப்பு ஆசிரியையாக இருந்த கை அது. வருகை குறைந்தால் அப்பாவுக்குக் கடிதம், அரியர் விழுந்தால் அப்பாவுக்குக் கடிதம். அந்தக் கை தானாகவே அப்பா பெயரை எழுதி, வீட்டு விலாசத்தை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை போட்ட தபால். செவ்வாய்க்கிழமை மதியம் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவுக்கு வருகைக் கடிதம் எழுத உட்கார்ந்து, "திரு." என்று தொடங்கியபோதுதான் உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டேன். தபால் போய்ச் சேர்ந்திருக்கும். அப்பா பெங்களூருக்கு வந்து நிற்பதற்குள் பையனைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். அவனிடம் போன் கிடையாது. பட்டறை எங்கே என்று நான் கேட்டுவைக்கவில்லை. தொம்மலூரில் நண்பர்களோடு தங்கியிருந்த அறை மட்டும் தெரியும்.

புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கண்டக்டர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். கழுத்துப் பட்டையைப் பார்த்து ஒரு அம்மாள் எனக்கு இடம் கொடுத்து, "ஆக்சிடென்டாம்மா?" என்று கேட்டாள். இல்லை, பேப்பர் திருத்தினேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கொய்யாப்பழம் ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினாள். அதுதான் அன்று மதியச் சாப்பாடு.

மடிவாளாவில் இறங்கும்போது மூன்று மணி. இரண்டு லாட்ஜில் தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்றார்கள். ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: "ஒத்த லேடீஸ்க்கு குடுக்கிறதில்ல மேடம், ரூல்ஸ்." முனைவர் பட்ட ஆராய்ச்சி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மூன்று நாளைக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் போனில் அமெரிக்காவோடு பேசும் வேலை, பகலில் தூங்குவார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தொம்மலூருக்கு ஆட்டோ. ஓட்டியவர் சிவாஜி நகரில் பிறந்து வளர்ந்த தமிழர். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மேடம், புள்ளயத் தேடினு வந்தியா?"

"எப்படித் தெரியும்?"

"வாரத்துக்கு ரெண்டு கேசு ஏத்தறேன். அம்மா வந்தா அழுவாங்க. அப்பா வந்தா ஒண்ணும் பேச மாட்டாரு, கம்னு குந்தினு வருவாரு. நீ ரெண்டும் இல்ல."

நான் அம்மா இல்லை, டீச்சர் என்றேன். "டீச்சர் யாரும் தேடினு வந்து பாத்ததில்லமா," என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. செய்த காரியம் நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால், பழைய தொம்மலூர் சந்தில், மாடியில் ஒற்றை அறை. நான்கு பேர் பங்கு. வீட்டுக்காரர் பெண்களை மாடிக்கு விடமாட்டார் என்பதால் படிக்கட்டுக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். இறங்கி வந்தவன் பெயர் பிரபு, திருச்செங்கோட்டுப் பையன்.

"தணிகையா? அவன் ரூம் மாத்திட்டு போயிட்டானுங்க மேடம். மூணு மாசம் ஆச்சுங்க."

அவனுடைய பழுப்புச் சட்டை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேக்கரியில் என்னோடு பேசும்போது போட்டிருந்த சட்டை. அதைக் காட்டினேன்.

"அது என்னுதுங்க."

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றி நான் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஒருவன் விஷயத்தைப் பற்றி இன்னொருவன் பெரியவர்களிடம் வாய் திறக்க மாட்டான். தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வெளியாள் வந்துவிட்டால் மட்டும் ஒரே கட்டு. தணிகைவேல் படிப்பை விட்ட விஷயத்தைப் பற்றி இந்த அறையில் ஒன்றரை வருடமாக யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகைப் பங்கு வந்தால் சரி, கறிக்குழம்பு நாளில் அவனுக்கு எடுத்துவைத்தால் சரி. அதுதான் இவர்களுக்குத் தெரிந்த பாசம். எழுதும்போது நன்றாக இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்கும்போது இரண்டு அறை அறையலாம் என்று வந்தது.

"தம்பி, அவனுக்கு நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"எல்லா மேடமும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை காலை உடுப்பி ஓட்டலில் இட்லி. சாம்பாரில் வெல்லம். எங்கள் ஊரில் இப்படி ஒரு சாம்பார் வந்தால் மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பக்கத்து மேசையில் இரண்டு வயதானவர்கள் ஒரு காபியை இரண்டு தம்ளரில் பங்கிட்டுக் குடித்தார்கள். பை டூ என்று கேட்டால் போதும், சர்வரே இரண்டாக ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே பழக்கம் அது. எனக்குப் பங்கு போட ஆள் இல்லாததால் முழுசாகக் குடித்தேன்.

அவன் படித்த கல்லூரி எலெக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி எங்கோ இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். முதல் பஸ்ஸில் கழுத்துப் பட்டையை ஒருவர் முழங்கையால் இடித்தார். "சாரி மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். கழுத்தை எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்று கேட்கக் கன்னடம் வரவில்லை. வழியெல்லாம் கம்பெனி வண்டிகள். ஒவ்வொன்றிலும் கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த அட்டைக்காகத்தான் வந்தவாசியிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் கிளப்பி அனுப்புகிறார்கள். பார்த்தால் எனக்கே தூக்கம் வந்தது.

ஹாஸ்டல் வாட்ச்மேன் தணிகைவேல் பெயரைக் கேட்டதும் பதிவேட்டைக்கூடத் திறக்கவில்லை. ஓசூர்க்காரர், தமிழ் நன்றாகவே வந்தது.

"அவன் ஓடிப் போயி ஒன்றரை வருசம் ஆச்சி மேடம். முந்தா நேத்து அவுங்க அப்பா வந்திருந்தாரு. சொன்னேன்."

முந்தாநாள் என்றால் செவ்வாய். நான் டிபார்ட்மென்டில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்ட அதே நாள். மனிதர் தபாலைப் படித்த கையோடு வண்டி ஏறியிருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டாரு. குடிச்சாரு. ரூம் நம்பர் என்னன்னு கேட்டாரு. நாப்பத்தி ரெண்டுன்னேன். அங்க போயி வெளிய நின்னு பாத்துட்டு வந்துட்டாரு. வேற பசங்க இருக்காங்க உள்ள. அப்புறம் ஒரு பையன் எதோ தொம்மலூர் அட்ரஸ் எழுதிக் குடுத்தான்."

வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். நான் இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

திரும்பும் பஸ் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி நடக்கிறவர்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார்கள். நான் நடக்கவில்லை, தெம்பு இல்லை. இந்த ஆராய்ச்சியால் இதுவரை யாருக்கு என்ன நன்மை என்று யோசித்தேன். எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் வரலாம். இன்னொருவனுக்கு ஊரை விட்டே ஓடும்படி ஆகலாம்.

மாலை மறுபடி அதே படிக்கட்டு. பிரபு இறங்கி வந்தான். இந்த முறை நானும் தந்திரம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கவரை அவன் அப்பாவுக்கு அனுப்பியது நான்தான், பழக்கதோஷத்தில் அனுப்பிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். ஒரு மேடம் தப்பு என்று சொல்லி அவன் கேட்டதில்லை போலிருக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து காலைல அவங்கப்பா இங்க வந்தாருங்க. அவருகிட்டயும் மொதல்ல இல்லைன்னுதான் சொன்னோமுங்க. அவரு திட்டியிருந்தா, அழுதிருந்தா சமாளிச்சிருப்போமுங்க. ஒண்ணும் கேக்கலைங்க. செருப்பு விட்டுவெக்கிற எடத்துல உக்காந்துட்டாரு. ரெண்டு மணி நேரமுங்க. எங்களுக்கு வேலைக்கும் போக முடியல, அவர எந்திரின்னும் சொல்ல முடியல. கடைசில நாந்தானுங்க அவன் பட்டறை இருக்கற அடுகோடிக்குக் கூட்டிட்டுப் போனேன். சந்து முனையில விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

"தணிகை?"

"நேத்துல இருந்து ரூமுக்கு வரலைங்க மேடம்." அவன் குரல் இறங்கிப்போயிற்று. "நான் பண்ணது தப்புங்களா?"

பட்டறைகளைப் பூட்டியிருக்கும் நேரம், அந்தச் சந்துக்கு வழி மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நான் மடிவாளாவில் இறங்குவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. இந்நேரம் அவன் பம்பாய் ரயிலில் இருப்பான் என்றுதான் நினைத்தேன். பிரபுவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். நான் கேட்காமலே, "கொடில அவன் சட்டை அப்படியேதானுங்க கிடக்குது," என்றான்.

வெள்ளிக்கிழமை சாப்பிடப் பிடிக்கவில்லை. அடுகோடியில் பிரபு சொன்ன சந்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்கு ஒரு பட்டறை. இரும்புத் தூளும் ஆயிலும் கலந்த வாசனை. ஒரு பட்டறையில் எட்டிப்பார்த்தேன், "யாரு பேகு?" என்று, யார் வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார் ஒருவர். பெயரைச் சொன்னேன். "கொத்தில்லா" என்று கையை விரித்தார். அடுத்த பட்டறையில் ஒரு தமிழர் என் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, "பையன் அடிச்சுட்டானா மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலாவது பட்டறையின் மேஸ்திரி கையால் காட்டினார்: "அந்தக் கோடி. அவங்கப்பாரும் அங்கதான் ரெண்டு நாளா குந்தினு இருக்காரு. இன்னா குடும்பமோ, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்றாங்க."

ஓடவில்லை, இருக்கிறான். அந்த இடத்திலேயே சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு போனேன்.

பட்டறை வாசலில் ஒரு ஸ்டூல். அதில் வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் ரெக்ஸின் பை. ஒல்லியான மனிதர். உள்ளே தணிகைவேல் லேத்தில் குனிந்திருந்தான். வாசலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அப்படிக் குனிந்திருந்தான் என்று பட்டது.

நான் யார் என்று சொன்னதும் பெரியவர் எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். நின்றுகொண்டே பேசினேன். இந்தப் பேட்டி ரகசியம் என்று உங்கள் பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், மாற்றி அனுப்பிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"என் பேருக்கு வந்துச்சும்மா. பிரிச்சேன். மனு எழுதறவனும் கேட்டத வெளிய சொல்லக்கூடாது, எனக்கும் தெரியும். நீங்க வேணும்னு பண்ணல." ரெக்ஸின் பையைத் தட்டிக் காட்டினார். "திருத்தி அனுப்பச் சொல்லி மேல எழுதியிருந்தீங்க. திருத்திட்டேன். அவனும் கையெழுத்துப் போடணுமில்ல? ரெண்டு நாளா பையிலயே வெச்சினு இருக்கேன். குடுக்க தைரியம் வர்ல."

"பையன்கிட்ட என்ன பேசினீங்க?"

"சாப்டியான்னு கேட்டேன். சாப்ட்டேன்னான். அவனும் கேட்டான். நானும் சாப்ட்டேன்னேன். ராத்திரி ரெண்டு பேரும் இந்த பட்டறையிலயே படுத்துக்கறோம்."

கவரை என்னிடம் நீட்டினார். பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மணிமணியான கையெழுத்து. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பையன் படிப்பை விட்டதைச் சொன்ன இடத்தில் ஒரு கீறல் இல்லை. ஹாஸ்டலில் இருப்பதாக அப்பாவுக்கு மாதாமாதம் எழுதிய பொய்க் கடிதங்களைப் பற்றிச் சொன்ன இடத்திலும் இல்லை. ஒரே ஒரு இடத்தில்தான் பேனா பட்டிருந்தது. உங்கள் வீட்டில் வேறு யாராவது கல்லூரிக்குப் போயிருக்கிறார்களா என்ற என் கேள்விக்கு, "யாரும் இல்ல மேடம், நான்தான் மொத ஆளு" என்று அவன் சொல்லியிருந்தான். அதை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே எழுதியிருந்தார்: தந்தை. பி.யூ.சி. ஏழு மாதம். தேர்வு எழுதவில்லை. ஓரத்தில் சுருக்கொப்பம். கடைசிப் பக்கத்தில், பத்திரம் எழுதுகிறவர்கள் போடுவது போலக் கணக்கு: அடித்தல் ஒன்று. சேர்த்தல் ஒன்று. வேறு திருத்தம் இல்லை.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"அவங்கம்மாவுக்கே தெரியாதும்மா. ஊர்ல நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன்னு நெனச்சினு இருக்காங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

நான் உள்ளே போனேன். தணிகைவேல் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் தப்பைச் சொன்னேன். "தெரியும் மேடம். அப்பா வந்து நின்னப்பவே தெரிஞ்சிது, நீங்கதான்னு," என்றான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏன் ஓடவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. அவனே சொன்னான்: "ஓடலாம்னுதான் பாத்தேன். வாசல்ல ஸ்டூலப் போட்டு குந்தினாரு. பின்னாடி வழி இல்ல."

தாள்களைக் கொடுத்தேன். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தான். திரும்பப் படித்தான். உதடு அசைந்தது. பிறகு தாளோடு வாசலுக்கு நடந்தான்.

"எந்த காலேஜ்ப்பா?"

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், மகன் முன்னால், ஏதோ ஆபீசர் முன்னால் நிற்பது போல.

"காஞ்சிபுரத்துல."

"ஏன் வுட்ட?"

"இங்கிலீஷ்ல நடத்துனாங்க. புரியலன்னு கையத் தூக்க வெக்கமா இருந்துச்சு. எல்லாருக்கும் புரியுது, எனக்கு மட்டும்தான் மண்டைல ஏறலன்னு நெனச்சேன். ஒரு நாள் பஸ்ஸேறி வந்துட்டேன்."

தணிகைவேல் மீதிப் பக்கங்களைத் திருப்பினான். எனக்குத் தெரியும், ஒன்பதாம் பக்கத்தில்தான் அந்த வரி இருக்கிறது. வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவன் சொன்ன பதில். நான் பயந்ததே அந்த வரிக்குத்தான். அவன் அதற்கு வந்து நின்றான். வாய்விட்டே படித்தான்.

"எங்கப்பா ஊர்ல இருக்கறவங்க கஷ்டத்த எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுவாரு. என்கிட்ட ஒரு நாளும் உனக்கு இன்னாடா கஷ்டம்னு கேட்டதில்ல."

நிமிர்ந்தான். "இத ஏம்ப்பா அடிக்கல?"

"தப்பா இருந்தாத்தான அடிக்கணும்," என்றார் பெரியவர். "அது சரியாத்தான் இருந்துச்சு."

பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பேனாவை எடுத்துத் தணிகைவேலிடம் நீட்டினேன், இன்னமும் கையெழுத்துக்காக. இருபது வருடப் பழக்கம், அந்த நேரத்திலும் விடவில்லை. அவன் அதை வாங்கவில்லை. தாள்களை மடித்து அப்பாவின் ரெக்ஸின் பையில் வைத்தான். எனக்கு அந்தத் தாள்கள் வேண்டும், அவை இல்லாமல் ஏழாம் எண் ஆய்வேட்டில் நிற்காது. நான் கேட்கவில்லை.

தணிகைவேல் கீழே, வாசல்படியில் உட்கார்ந்தான்.

"இப்பக் கேளுப்பா," என்றான்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அதைப் பார்த்தார். மூடித் திரும்பப் பையில் செருகிவிட்டு, "சொல்லு," என்றார்.